மலைவீட்டு விளக்குகள்



2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஏற்காட்டில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். மண் சரிந்து, சேலத்திலிருந்து ஏறும் பாதையில் போக்குவரத்தே நின்றது. சேர்வராயன் மலையில் காற்று பலமாக வீசினால், காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரமொன்று மின்கம்பியின் மீது சாய்ந்தாலே போதும், அன்றிரவு இருட்டுதான். அங்கு வாழும் குடும்பங்களுக்கு நல்ல விளக்கும் பேட்டரியும் ஆடம்பரப் பொருள்களல்ல. தஹஜ்ஜுதுக்கும் ஸஹருக்கும் எழுபவருக்கு வெளிச்சம் வேண்டுமல்லவா?

முதலில் விளக்கைப் பார்ப்போம். 60 வாட் குண்டு பல்பு நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட் செலவாகும். ஏறத்தாழ அதே வெளிச்சத்தை 14 வாட் சி.எப்.எல். பல்பு 2 யூனிட் அளவிலும், 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவாகவும் தந்துவிடுகின்றன. வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தினர் இதில் தயங்க வேண்டியதில்லை.

ஆயினும் சி.எப்.எல். பல்புக்கு மலைக்குளிர் ஆகாது. மார்கழி அதிகாலையில் ஒளுச் செய்யப் போகிறவர் சுவிட்சைப் போட்டால், அது மங்கலாக விழித்து, அவர் கால் கழுவி முடிக்கும் வேளையில்தான் பிரகாசிக்கும்! அடிக்கடி போட்டு அணைத்தால் அதன் ஆயுளும் குறையும். எல்.இ.டி.க்கு இக்குறை இல்லை. மின் அழுத்தம் ஏறி இறங்கினால் மட்டும், மலிவான எல்.இ.டி.யின் உள்ளிருக்கும் மின்சுற்று பழுதாகிவிடுகிறது.

பெரிய குறை வேறொன்று. ஒவ்வொரு சி.எப்.எல். பல்பிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. கொடைக்கானலில் 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு, அம்மலையில் எத்தனை ஆண்டுகள் வழக்காகவும் வேதனையாகவும் நீடித்தது என்பதை அறிவோம். அதனோடு நம் வீட்டுப் பல்பை ஒப்பிடுவது நியாயமன்று. எனினும் மலையில் எறிவது மழையோடு ஓடையில் இறங்கும். பழைய பல்புகள் இன்றும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றைச் சரிவில் வீசாதீர்கள். உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னல்களைத் திறந்து, பத்து நிமிடம் பொறுங்கள். துடைப்பம் வேண்டாம். கெட்டி அட்டையால் சில்லுகளை வாரி, மூடியுள்ள பாட்டிலில் இடுங்கள்.

இனி பேட்டரி. ரீசார்ஜ் பேட்டரியை நூற்றுக்கணக்கான முறை பயன்படுத்தலாம். நாள்தோறும் எடுக்கும் டார்ச் லைட்டுக்கும் பிள்ளைகளின் பொம்மைக்கும் அது பெரும் சிக்கனம். சுவர்க் கடிகாரத்துக்கு அது தேவையே இல்லை. சாதாரண பேட்டரி ஒன்றே அங்கு வெகுநாள் உழைக்கும். மேலும், ரீசார்ஜ் பேட்டரி சும்மா இருந்தாலும் மெல்ல வடிந்துவிடும். புயலிரவுக்கென்று அலமாரியில் வைத்தது, அந்த இரவில் கைவிட்டுவிடக்கூடும். அவசரத்துக்குச் சாதாரண பேட்டரிகளை வாங்கி, டார்ச்சுக்குள் போடாமல் தனியே வைப்பதே என் கருத்தில் நலம். உள்ளேயே கிடந்தால் கசிந்து டார்ச்சைக் கெடுக்கும். ஈய பேட்டரி உள்ள எமர்ஜென்சி லைட்டை இரண்டு மாதத்துக்கொருமுறையேனும் சார்ஜ் செய்யுங்கள். வெறுமையாகக் கிடந்தால் அது மீளாது. பழைய நிக்கல்-காட்மியம் வகை இருந்தால் குப்பையில் போடாதீர்கள். காட்மியம் சிறுநீரகத்துக்குப் பகை.

உறங்குமுன் விளக்கை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை ஹதீஸ்களில் காண்கிறோம். எலி திரியை இழுத்து வீட்டாரைத் தீக்கிரையாக்கிவிடும் என்பதே அதன் காரணம். இன்று திரி இல்லை. கட்டிலருகே இரவெல்லாம் சார்ஜ் ஏறும் மட்டமான லித்தியம் பேட்டரி இருக்கிறது. விழித்திருக்கும்போதே சார்ஜ் செய்து, படுக்குமுன் பிடுங்கிவிடுங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜரில் மாட்டவே வேண்டாம். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் விதிகள் தயாரிப்பாளர் மீதே சுமத்தியுள்ளன. ஆகவே அடுத்தமுறை மலையிறங்கிச் சேலம் செல்லும்போது, பரணில் உள்ளவற்றை ஒரு பையில் எடுத்துச் சென்று, வாங்கிய கடையிலேயே கேளுங்கள்.