பத்தாம் வகுப்புத் தேறியது குற்றமா?

மறைமலை நகர்! தனித்தமிழ் கண்ட அடிகளாரின் பெயர் தாங்கிய ஊர். அந்த ஊர்த் தேநீர்க் கடையிலே அடிபடும் பேச்சு என்ன தெரியுமா, தோழர்களே? துபாய், தோகா, ரியாத்! 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாகப் போர்டு நிறுவனம் அறிவித்தது. 2022-இல் இங்கே கார் உற்பத்தி நின்றது. உதிரிப் பாகம் வாங்கிக் கணக்கெழுதிய கை, ஓட்டலுக்குக் காய்கறி வாங்கினால் என்ன என்று எண்ணாதா? பக்கத்திலே காட்டாங்கொளத்தூரில் ஓட்டல் மேலாண்மை படிக்கும் பிள்ளைகளுக்கும் அதே கனவுதான்.

கொள்முதல் வேலை என்றால் கூடை தூக்கிச் சந்தைக்குப் போவதா? அல்ல, அல்ல! மூன்று வணிகரிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும். விடியலில் பின்வாசலில் நின்று மீனை நிறுக்க வேண்டும். உறைந்த இறைச்சி மைனஸ் 18 பாகையில் இருக்கிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். முதலில் வந்த சரக்கு முதலில் அடுப்பேற வேண்டும். பாலைவனத்துக் கத்தாருக்கு உணவிலே பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. 2017 சூனில் சவுதி தன் எல்லையை மூடியது. துருக்கியிலிருந்தும் ஈரானிலிருந்தும் விமானத்தில் உணவு வந்திறங்கியது. அந்த நாளில் சமையற்காரரின் கைப்பக்குவம் மட்டும் என்ன செய்யும்? புதிய வணிகரைத் தேடிப் பிடிக்கும் கொள்முதல்காரரை நம்பியல்லவா அடுப்பு எரியும்!

அத்தகைய பொறுப்பை ஏற்கப் போகிறவரை டில்லி எப்படிக் காக்கிறது? 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் நடக்கும் வேடிக்கையைப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். 10 லட்சம் ரூபாய் காப்பீடு கட்டாயம். நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறோம். பத்தாவது தேறியவருக்கோ இவற்றில் ஒன்றும் கட்டாயமில்லை! படித்தவன், பிழைத்துக் கொள்வான் என்று கதவைத் திறந்து விட்டுவிட்டார்கள். பள்ளிப் படிப்போடு நின்ற நானும் அந்தக் கணக்கிலே 'படித்தவன்'தான். ஆங்கிலத்திலோ அரபியிலோ எழுதிய ஒப்பந்தம் என் கையில் கிடைத்தால், கையெழுத்துப் போடும் இடத்தைத்தான் முதலில் தேடுவேன்!

சம்பளம் ஒன்று சொல்லி அனுப்பி, இறங்கியதும் வேறொன்று நீட்டுகிறார்கள். கொள்முதல் அதிகாரி என்று ஏறியவர் கிடங்கில் மூட்டை அடுக்குகிறார். சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டுக் கைகழுவும் தரகர் உண்டு.

எல்லோரையும் பதிவு செய்வது நடவாத காரியம் என்பாரும் உளர். நடவாதா? செவிலியர் பட்டம் பெற்றிருந்தாலும், 2015 முதல் அந்த 18 நாடுகளுக்கு அனுமதி பெற்றே போகிறார்கள். 2018 நவம்பரில், படித்தவர்களும் முன்பதிவு செய்தாக வேண்டும் என்று டில்லியே ஆணையிட்டது. அதே மாதத்தில் ஒத்தியும் வைத்தது! விருப்பமிருந்தால் பதிந்து கொள்ளலாமாம். பதிய வேண்டாம் என்று தரகர் சொன்னால், கடன் வாங்கிப் பணம் கட்டியவர் மறுத்துப் பேசுவாரா?

பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கூலிக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று வரம்பு உண்டு. 1978 முதல் தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவளக் கழகமும் உண்டு. கிளம்புமுன் அங்கே ஒருமுறை கேளுங்கள். டில்லியை நாம் கேட்பது இது: ஒத்திவைத்த பதிவைக் கட்டாயமாக்குக, சென்னைப் பாதுகாவலர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குக.