மிளகாய் நெடி போகாத வீடு

கெடா தோட்டங்களில் பால்மரக் கட்டை எரிந்த நாளில் லயத்து வீட்டு அடுப்படிக் கூரையெல்லாம் கரி அப்பிக் கிடக்கும். கேஸ் தோம்பு வந்தது பெண்களுக்குப் பெரிய விடுதலை. விறகுக்குத் திரும்பச் சொல்ல யாருக்கும் வாய் வராது. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

ஆனால் நீலச் சுடரும் முழுச் சாது இல்லை. அதன் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் டை ஆக்சைடாகின்றன. அது மூச்சுக்குழாயை உறுத்தும். கேஸில் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு 42 விழுக்காடு அதிகம் என்றது 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதை அப்படியே ஒப்பவில்லை. இருந்தாலும், அந்த வாயுவுக்கான ஆண்டுச் சராசரி வரம்பை 2021இல் உலக சுகாதார நிறுவனம் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10ஆகக் குறைத்தது சும்மா இல்லை.

சுங்கை பட்டாணி, கூலிம் தாமான்களில் வரிசை வீடு வாங்கியவர்கள் பலர் முதலில் செய்வது, பின்கட்டை நீட்டிக் கொல்லை முழுக்கக் கூரை போடுவதுதான். திருட்டுப் பயத்தில் சன்னலும் அடைபடும். உள்ளே சம்பால் வதங்கினால் முன்னறை வரை தும்மல். தும்ம வைப்பது மிளகாய்தான். ஆனால் மிளகாய் நெடி வெளியேறாத இடத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு மட்டும் எப்படி வெளியேறும்?

காற்றை வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடும் புகைக்கூண்டால் பெரிய பயனில்லை. சுவரில் வெளியே தள்ளும் மின்விசிறி போதும். சோற்றை ஏற்கெனவே மின்குக்கர் பார்த்துக்கொள்கிறது, தேத்தண்ணியையும் மின்கெட்டிலுக்கு மாற்றலாம்.