பலிக்காதது மருந்தா?

“மருந்து கொடுத்துப் பார்த்தோம், பலிக்கவில்லை.” எண்ணச் சுழல் நோயால் அல்லற்படுவோரைப் பற்றி இத்தீர்ப்பு எத்தனை எளிதாக வழங்கப்படுகிறது! இதனை நாம் ஏற்க மறுக்கிறோம்.

நோயின் இயல்பை முதலில் அறிவோம். அழையாமலே வந்து நெஞ்சைக் குடையும் எண்ணம் ஒருபுறம். அது எழுப்பும் அச்சத்தைத் தணிக்க மீண்டும் மீண்டும் செய்தே தீரவேண்டிய செயல் மறுபுறம். தலைமன்னாரில் ஒரு மாணவி நல்ல நீர் அரிதான மண்ணில் குடம் குடமாக இறைத்துக் கை கழுவுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தோல் உரிந்த பின்னும் அழுக்குப் போகவில்லை என்கிறது மனம். வேறொருவர் பூட்டிய கதவை இருபது முறை இழுத்துப் பார்ப்பார். இன்னொருவர் தெய்வத்தைப் பழிக்கும் சொல் தம்முள் ஒலிப்பதாக நடுங்குவார். தம் அச்சம் பொருளற்றதென்பதைப் பெரும்பாலோர் அறிவர். அறிந்தும் நிறுத்த இயலாமையே இந்நோயின் கொடுமை. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இது தலைகாட்டுகிறது.

இதனைப் பாவமென்றும் பேய்க்கோளாறென்றும் சொல்வோர் உளர். மன்னாருக்குத் தம் சார்பில் குருவானவரை அனுப்பிய பிரான்சிஸ் சவேரியாரின் தோழர் இஞ்ஞாசியார், 1522இல் மன்ரேசாவில், அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அமைதி காணாது, உயிரை மாய்க்கவும் எண்ணினார். முஸ்லிம்கள் இத்தகைய ஐயத்தை ‘வஸ்வாஸ்’ என்பர். புனிதரென வணங்கப்படுபவரையே வாட்டிய வேதனைக்காக ஒரு மாணவியைப் பழிக்க எவருக்கு உரிமை உண்டு?

இனி மருந்துக்கு வருவோம். ஃபுளுஒக்செற்றின், சேர்ட்ரலின் முதலியவை இந்நோய்க்குப் பயன்படுகின்றன. குளோமிப்பிரமின் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளது. ஆனால் மனச்சோர்வுக்குப் போதுமான அளவு இந்நோய்க்குப் பலவேளை போதாது. மருத்துவர் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பலனை மதிப்பிட 8 முதல் 12 வாரங்கள் பொறுக்க வேண்டும். அப்போதும் ஏறத்தாழப் பாதிப்பேரே குறிப்பிடத்தக்க தணிவு காண்கின்றனர். முற்றாக விடுபடுவோர் சிலரே. ஏனையோருக்கு மருந்தை மாற்றலாம். அஞ்சுவதை எதிர்கொண்டு, கழுவாமலும் சரிபாராமலும் இருக்கப் பழக்கும் உளச்சிகிச்சையும் உண்டு. தணிவு கண்டதும் மருந்தை நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பிவிடும்.

அப்படியாயின், மூன்றாம் வாரத்தில் நின்றுபோன மருந்தைப் “பலிக்கவில்லை” என்பது எவ்வாறு பொருந்தும்? அது ஏன் நின்றது? தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். தந்தை மகளைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் நாள், அவர் கடலுக்குப் போகாத நாள். இலங்கையின் இலவச மருத்துவம் பெரும் பேறு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பஸ் கட்டணமும் இழந்த கூலியும் இலவசமல்லவே! 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது அதன் சுமையும் ஏழை தலையிலேயே விழுந்தது.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! எழுதியதை அழித்தழித்து எழுதி, விடைத்தாளை முடிக்காத பிள்ளையைச் சோம்பேறி என்னாதீர்கள்; பெற்றோரை அழைத்துப் பேசி, மருத்துவரிடம் அனுப்புங்கள். மாத்திரை தடையின்றிக் கிடைக்கவும், கிளினிக் கரையோர ஊர்களுக்கே வரவும், உளச்சிகிச்சை தமிழில் நடக்கவும் நாம் ஒன்றுபட்டுக் குரலெழுப்புவோம். பன்னிரண்டு வாரச் சிகிச்சையை ஏழைக்கு எட்டாததாக்கிய ஏற்பாட்டை விட்டுவிட்டு, மருந்தையும் நோயாளியையும் குறைகூறுவது நியாயமன்று.