துணைநிரலும் கூர்ப்பும்: மீள்பயன் என்னும் மயக்கம்

கணனி தனக்கு வேண்டிய செய்நிரலைத் தானே ஆக்கிக்கொள்ளும் என்போர் இயற்கைத் தேர்வைத் துணைக்கு அழைப்பர். எழுந்தமானமாகப் பிறந்த நிரல்களுட் சிறந்தவை தெரிவுசெய்யப்பட்டு, கலப்பாலும் விகாரத்தாலும் சந்ததி சந்ததியாகத் திருந்தும் என்பது அவர்தம் முறை. இதனை விரிவாக வகுத்த ஜோன் கொஸா, 1994 இல் வெளியிட்ட இரண்டாம் பெருநூலில், மீளப் பயன்படும் துணைநிரல்களையும் கூர்ப்பே கண்டறியும் என வாதிட்டார். அவ்வாதம் பாதி உண்மையே.

அவர் காட்டிய சான்று வலியது. உள்ளீடுகளுள் 1 என்பன இரட்டைத் தொகையினவா எனக் காணும் கணக்கில், உள்ளீடுகள் பெருகுந்தோறும் துணைநிரலற்ற நிரலைத் தேடும் உழைப்பு மலையென உயர்ந்தது. துணைநிரல் சேர்ந்தவிடத்து அத்துணை உயரவில்லை. ஆனால், அக்கணக்கோ ஒரே செயல் திரும்பத் திரும்ப நிகழ்வதால் அமைந்தது. மடித்து வைத்த சேலையில் மடிப்பைக் கண்டதில் வியப்பென்ன? மேலும், அப்பரிசோதனைகளுட் பெரும்பாலானவற்றில், துணைநிரல்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை மாறிகளை ஏற்கும் என முன்னரே வகுத்தவர் மனிதரே. பின்னர் அவ்வமைப்பும் கூர்ப்பிடமே ஒப்படைக்கப்பட்டது என்பர். மெய்யே. எனினும், ஓட்டம் முடிந்ததும் துணைநிரலும் மடிகின்றது. அடுத்த கணக்கு வெறுங்கையுடன் தொடங்குகின்றது.

துணைநிரலின் வரலாறு கூறுவது வேறு. 1949 இல் இயங்கத் தொடங்கிய கேம்பிறிட்ஜின் எட்சாக் கணனிக்கென வில்க்ஸ், வீலர், கில் ஆகியோர் துணைநிரல் நூலகம் அமைத்து, 1951 இல் அதனை நூல்வடிவில் விளக்கினர். துளையிட்ட கடதாசி நாடாக்களில் இருந்த அந்நிரல்கள், ஒருவர் எழுதப் பிறர் எடுத்தாளுதற்கென வைக்கப்பட்டவை. பிறிதொருவரின் பிறிதொரு தேவைக்கு உதவுவதே மீள்பயன். ஒரு நிரலினுள் இருமுறை அழைக்கப்படுதல் வெறுஞ் சுருக்கமே.

கூர்ப்பு தானாகவே தனிக்கூறுகளை ஈனும் என்போர், 2005 இல் கஷ்தானும் அலோனும் வெளியிட்ட ஆய்வை நோக்குக. மாறா இலக்கின்கீழ்க் கூர்ப்படைந்த தர்க்கச் சுற்றுகள் தனிக்கூறுகளாகப் பிரியவில்லை. பொதுவான உட்பகுதிகளையுடைய இலக்குகள் மாறிமாறி வந்தபோதே பிரிந்தன. பகுத்து வைப்பதன் பயன், இலக்கு மாறும்போதே தோன்றுகின்றது.

ஆகவே, ஒரு கணக்கின் வெற்றியைக் கொண்டு மீள்பயன் கண்டோமெனப் பறைசாற்றுதல் தகாது. ஓரிடத்துப் பிறந்த துணைநிரல், முன்னறியாத அடுத்த கணக்கின் சுமையைக் குறைத்ததா? இதுவே உரைகல். கூர்ப்பு முறையைச் சாராத ட்ரீம்கோடர் என்னும் அமைப்பு, தீர்த்த கணக்குகளிலிருந்து நூலகம் திரட்டிப் புதியவற்றுக்குப் பயன்கொண்டதை 2021 இல் அதன் ஆக்கியோர் காட்டினர். எனவே இவ்வுரைகல் எவராலும் எட்டவொண்ணாததன்று. கூர்ப்புவாதிகளும் தம் துணைநிரல்களை இதில் உரைத்துக் காட்டுக. அதன்பின் மீள்பயன் என்னும் பெயரைச் சூட்டுக.