வாடகைத் தூரிகையா? சொந்தத் தூரிகையா?
வீடியோ விளையாட்டுப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் தொழிலில் புதிய போட்டி

வீடியோ விளையாட்டில் ஒரு வீரன் வருகிறான்.

அவன் கையில் கேடயம். கேடயத்தின் ஓரத்தில் துரு பிடித்து இருக்கிறது. நடுவில் வாள் வெட்டிய தழும்பு. கைப்பிடியில் பழைய தோல் வார்.

உண்மையில் அங்கே துருவும் இல்லை; தோலும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருப்பது வெறும் கூடு. கொலுப் பொம்மையை வர்ணம் தீட்டாமல் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி வெறிச்சென்று நிற்கும். அதன் மேல் ஒட்டுகிற படம்தான் துருவையும் தோலையும் காட்டுகிறது. இந்தப் படத்துக்கு "டெக்ஸ்சர்" என்று பெயர். மேல்பூச்சு என்று நாம் சொல்லலாம்.

இந்த மேல்பூச்சை எந்தக் கருவியால் தீட்டுவது?

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை. தொழில் கற்கும் பையனும் பெண்ணும் வீட்டுக்கு வந்து, "இந்த சாப்ட்வேர் வேண்டும். மாதா மாதம் பணம் கட்ட வேண்டும்" என்கிறார்கள். அப்பாவுக்குத் தலையும் புரிவது இல்லை. வாலும் புரிவது இல்லை. அதனால் ஆதியில் இருந்து பார்ப்போம்.

தையல்காரர் வேலை

ஒரு பழைய சட்டையின் தையலைப் பிரித்துத் தரையில் விரியுங்கள். கை தனி, முதுகு தனி, காலர் தனி என்று தட்டையான துண்டுகள் கிடைக்கும். விளையாட்டுப் பொம்மையையும் இப்படித்தான் பிரித்து விரிக்கிறார்கள். விரித்த துண்டுகள் மேல் படம் தீட்டுகிறார்கள். பிறகு கம்ப்யூட்டர் அதைப் பொம்மைக்குப் போர்த்தி விடும்.

ஒரு படம் போதாது. நிறத்துக்கு ஒன்று. மேடு பள்ளத்துக்கு ஒன்று. எந்த இடம் வழவழப்பு, எந்த இடம் சொரசொரப்பு என்று காட்ட ஒன்று. எது உலோகம் என்று சொல்ல ஒன்று. வெளிச்சம் பட்டதும் கத்தி மின்னுவதும், கம்பளி மின்னாமல் இருப்பதும் இவற்றால்தான்.

இந்தப் படங்களின் அளவு பெரும்பாலும் 512, 1024, 2048, 4096 என்று இரட்டிப்பாகப் போகும். 2048 புள்ளி அகலம், 2048 புள்ளி உயரம் உள்ள ஒரு படத்தில் 41 லட்சத்து 94 ஆயிரத்து 304 புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் 16 மெகாபைட் நினைவு இடம் பிடிக்கும். அளவை 4096 ஆக்கினால் 64 மெகாபைட்! இடத்தை மிச்சம் பிடிக்க, மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களை ஒரே படத்தின் சிவப்பு, பச்சை, நீல அறைகளில் ஒளித்து வைக்கிறார்கள். மூன்று பேரை ஒரே ரிக்ஷாவில் ஏற்றுவது போல.

ஆகவே கல்யாண போட்டோவைத் திருத்தும் கருவி எல்லாம் இதற்கு ஆகாது. ஒவ்வொரு நிற அறையையும் தனித்தனியே திறந்து வேலை செய்ய இடம் தர வேண்டும். அடுக்கு மேல் அடுக்காகத் தீட்ட விட வேண்டும். தரம் குறையாமல் சேமிக்க வேண்டும். ஜே.பெக் முறையில் சேமித்தால் கோப்பு சிறிதாகும். ஆனால் புள்ளிகள் கலங்கி விடும். மேடு பள்ளப் படத்தில் இப்படிக் கலங்கினால், வழவழப்பான கவசத்தில் அம்மைத் தழும்பு போல விழும். பி.என்.ஜி., டி.ஜி.ஏ. முறைகளில் இந்தத் தொல்லை இல்லை.

அண்ணன் தம்பி செய்த கருவி

"போட்டோஷாப்" என்ற பெயரைக் கேட்காதவர் குறைவு. அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணனும் தம்பியும் சேர்ந்து உண்டாக்கியது. அண்ணன் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். தம்பி சினிமாத் தந்திரக் காட்சிகள் எடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். 1990 பிப்ரவரியில் அடோபி கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மேல்பூச்சுத் தொழிலில் நெடுங்காலம் இதுதான் ராஜா.

2012-ல் இதைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. அமெரிக்காவில் அப்போது விலை 699 டாலர். பெரிய தொகைதான். ஆனால் வாங்கினால் உங்கள் பொருள்.

2013 மே மாதம் அடோபி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. இனிப் புதிய பதிப்புகள் விற்பனைக்கு இல்லை. சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் என்றது. 2025-ல் அமெரிக்காவில் இந்தச் சந்தா மாதம் சுமார் 23 டாலர். இரண்டரை ஆண்டு கட்டினால் பழைய முழு விலையும் போய்விடும். அதற்குப் பிறகும் கட்ட வேண்டும். நிறுத்தினால் கருவி பூட்டிக் கொள்ளும்.

பெரிய கம்பெனிகளுக்கு இது சுண்டைக்காய். தனி ஆளாக விளையாட்டு செய்கிறவருக்கு அப்படி அல்ல. அவருடைய விளையாட்டு விற்பனைக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். அதுவரை வருமானம் இல்லை. வாடகை மட்டும் உண்டு.

2024 ஜூன் மாதம் நடந்தது

அந்த மாதம் அடோபிக்கு நல்ல மாதம் அல்ல.

போட்டோஷாப்பைத் திறந்தவர்கள் முன்னால் புதிய நிபந்தனைகள் வந்து நின்றன. வாடிக்கையாளரின் படைப்புகளை இயந்திரம் மூலமாகவும், ஆள் மூலமாகவும் கம்பெனி பார்க்கலாம் என்ற வாசகம் அதில் இருந்தது. ஓவியர்கள் கொதித்து எழுந்தார்கள். விளையாட்டுத் தொழிலில் ரகசிய ஒப்பந்தம் உண்டு. வெளிவராத விளையாட்டின் படத்தை வேறு யாரோ பார்ப்பது என்றால்? "வாடிக்கையாளரின் படங்களைக் கொண்டு எங்கள் செயற்கை அறிவுக் கருவிக்குப் பயிற்சி கொடுப்பது இல்லை" என்று அடோபி விளக்கம் சொன்னது. வாசகத்தையும் அதே மாதம் திருத்தியது.

ஜூன் 17-ந்தேதி அமெரிக்க அரசாங்கமே அடோபி மீது வழக்கு தொடுத்தது. மாதா மாதம் கட்டும் ஆண்டுச் சந்தாவை முதல் ஆண்டின் நடுவில் நிறுத்தினால், பாக்கித் தொகையில் பாதியை அபராதமாகக் கட்ட வேண்டும். இதைச் சிறிய எழுத்தில் மறைத்து விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

கருவி நல்லது என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. உடன்படிக்கைதான் கசக்கிறது.

காசு கேட்காத மூவர்

1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் "கிம்ப்" என்ற கருவியை எழுதத் தொடங்கினார்கள். அன்று முதல் அது இலவசம். நிற அறைகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் இதில் எளிது. ஆனால் வளர்ச்சி ஆமை வேகம். 2018 ஏப்ரலில் 2.10 பதிப்பு வந்தது. 3.0 பதிப்பு வர 2025 மார்ச் ஆகி விட்டது. ஏழு ஆண்டு! செய்த மாற்றத்தை மறுநாள் திரும்பிப் போய்த் திருத்தும் வசதி இந்தப் பதிப்பில்தான் சரியாக வந்தது.

இரண்டாவது "கிரிதா". இது ஓவியர்களுக்கென்றே செய்தது. மேல்பூச்சுக்காரருக்கு இதில் ஒரு அருமையான வசதி உண்டு. செங்கல் சுவர் தீட்டுகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு சதுரம் தீட்டி, அதையே பக்கம் பக்கமாக ஒட்டிச் சுவர் முழுவதும் நிரப்ப வேண்டும். இணைப்பு தெரிந்தால் அசிங்கம். கிரிதாவில் வலது ஓரத்தைத் தாண்டி தூரிகையை இழுத்தால், அது இடது ஓரத்தில் தானாக வந்து நிற்கும். கோலத்தில் கம்பி சுற்றி வந்து சேர்வது போல. இணைப்பே தெரியாது. கிரிதாவின் சொந்தத் தளத்தில் இது இலவசம். சில இணையக் கடைகளில் விலைக்கு வைத்து இருக்கிறார்கள். அந்தப் பணம் கருவியின் வளர்ச்சிக்குப் போகிறது.

மூன்றாவது "பிளெண்டர்". இது பொம்மையையே செய்யும் கருவி. 2002-ல் இதை வைத்து இருந்த கம்பெனி நொடித்தது. பயன்படுத்தியவர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ வசூலித்து, இதை மீட்டுப் பொதுச் சொத்தாக்கினார்கள். இதில் செய்த "ப்ளோ" என்ற லாட்வியா நாட்டுச் சித்திரப் படம் 2025-ல் ஆஸ்கார் பரிசு வாங்கியது. பொம்மை மேலேயே நேராக வர்ணம் பூச பிளெண்டரில் இடம் உண்டு. அடுக்கு வசதி மட்டும் குறைவு.

புதிதாக வந்த இலவசம்

இங்கிலாந்தின் செரிப் கம்பெனி "அபினிட்டி" என்ற கருவியை ஒரே விலைக்கு விற்று வந்தது. 2024 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் கான்வா கம்பெனி அதை வாங்கியது. 2025 அக்டோபரில், "இனி அபினிட்டி இலவசம்" என்று அறிவித்தது. கான்வாவில் கணக்கு வைத்தால் போதும். செயற்கை அறிவு வசதிகளுக்கு மட்டும் கட்டணம்.

நல்ல கருவிதான். ஆனால் கிம்ப்பும் கிரிதாவும் இலவசமாக இருப்பது வேறு; இது வேறு. அவற்றின் மூல எழுத்தை யாரும் எடுத்து வளர்க்கலாம். இது ஒரு கம்பெனி தரும் சலுகை. ஆகையால் முடித்த படங்களை அபினிட்டியின் சொந்த முறையில் மட்டும் வைக்காமல், பி.என்.ஜி. பிரதியும் எடுத்து வைப்பது நல்லது.

எதை எடுப்பது?

பெரிய விளையாட்டுக் கம்பெனிகளில் "சப்ஸ்டன்ஸ் பெயிண்டர்" என்ற கருவி அதிகமாகப் புழங்குகிறது. எந்த மூலையில் தேய்ந்து இருக்கும், எந்தப் பள்ளத்தில் அழுக்குச் சேரும் என்று கணக்குப் போட்டு அதுவே பூசும். பிரான்ஸ் நாட்டில் பிறந்த இதையும் 2019-ல் அடோபி வாங்கி விட்டது. வேலை தேடும் நாளில் இது தெரிந்து இருக்க வேண்டியது வரும்.

ஆனால் கற்கத் தொடங்கும் முதல் ஆண்டில் இதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்பேன். கிரிதாவில் தீட்டட்டும், கிம்ப்பில் நிற அறைகளை அடுக்கட்டும், பிளெண்டரில் போர்த்திப் பார்க்கட்டும். துரு எங்கே பிடிக்கும் என்று கண்ணால் பார்த்துக் கையால் தீட்டியவருக்கு, பெயிண்டர் பிறகு சுலபமாக வரும். திருட்டுப் பிரதி மட்டும் வேண்டவே வேண்டாம். அதோடு கம்ப்யூட்டருக்கு வைரசும் வந்து சேரலாம்.

அப்படியும் போட்டோஷாப் சந்தாதான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், பணம் கட்டும் முன்பு அப்பா ஒன்று கேட்கட்டும். "இது மாத ஒப்பந்தமா, மாதா மாதம் கட்டும் ஆண்டு ஒப்பந்தமா?"

இரண்டாவது என்றால், நடுவில் நிறுத்த எவ்வளவு என்பதையும் அப்போதே படித்துப் பார்த்து விடுங்கள்.