பெட்டியும் பேசியும்

"பெட்டியைத் திற!" என்கிறார் சுங்க அதிகாரி. திறக்கிறோம். துணிமணி இருக்கும், தின்பண்டம் இருக்கும், தீர்வை கட்டாத கடிகாரம் ஒன்றும் இருக்கக்கூடும். தேடட்டும், எவரும் தடுக்கவில்லை. "கைப்பேசியைத் திற!" என்கிறாரே அடுத்து, அதற்குள் கஞ்சாவா இருக்கிறது? மனைவியின் மடல் இருக்கிறது. மருத்துவர் தந்த குறிப்பு இருக்கிறது. ஆள்வோரைப் பற்றி நண்பனிடம் மனம்விட்டுப் பேசிய பேச்சு இருக்கிறது. பெட்டியில் தேடுவது சரக்கை. பேசியில் துருவுவது உள்ளத்தை!

அமெரிக்க எல்லைகளில் 2016 நிதியாண்டில் இவ்விதம் சோதிக்கப்பட்ட கருவிகள் 19,051. 2024 நிதியாண்டில் 47,047. அத்துறையே தந்த கணக்கு இது. கோடிக்கணக்கான பயணிகளில் இது கடுகளவுதானே என்கின்றனர். கடுகளவு அநீதி நீதியாகிவிடுமோ?

விந்தையைக் கேளுங்கள், தோழர்களே! கைது செய்யப்பட்டவனின் கைப்பேசியைக்கூட நீதிபதியின் ஆணையின்றிப் போலீசார் துருவலாகாது என்று 2014-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கைதிக்கு உண்டு காவல். குற்றமே சாட்டப்படாத பயணிக்கு இல்லை! காரணம்? 1789-இல் முதல் காங்கிரஸ் இயற்றிய சுங்கச் சட்டம் தொட்டு வரும் மரபாம். பாய்மரக் கப்பலில் மூட்டைகளைத் தேடப் பிறந்த விதி, சட்டைப்பைக்குள் புகுந்து மனிதனின் எண்ணங்களைப் படிக்கிறது! "முன்னோர் வகுத்தது, மாற்றாதே" என்ற குரல் நமக்குப் பழக்கமானதுதான். வைதீகருக்குச் சாத்திரம், வழக்கறிஞருக்கு முன்தீர்ப்பு.

பதினொரு பயணிகள் 2017-இல் வழக்குத் தொடுத்தனர். ஆணை தேவையில்லை, கையால் புரட்டிப் பார்க்கச் சந்தேகம்கூடத் தேவையில்லை என்றது 2021-இல் பாஸ்டன் மேல்முறையீட்டு மன்றம். உச்சநீதிமன்றமோ அதை விசாரிக்கவே மறுத்தது. 2024-இல் நியூயார்க்கில் ஒரு நீதிபதி, ஆணை வேண்டும் என்றார். ஆயினும், அந்த வழக்கில் கைப்பற்றிய சான்று செல்லும் என்றும் சொன்னார்!

கடவுச்சொல்லைத் தர மறுத்தால்? குடிமகனை உள்ளே விடுவர், கருவியைப் பறித்து வைப்பர். அயல்நாட்டானோ வந்த வழியே திருப்பி அனுப்பப்படலாம். இதற்குப் பெயர் சம்மதமாம்!

"குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களோடு வருகிறானே, அவனை விடுவதா?" என்பர். விடச் சொல்லவில்லை. ஐயம் இருந்தால் நீதிபதியிடம் சொல்லி ஆணை பெறுங்கள் என்கிறோம். பதினைந்து நிமிடத்திற்குள் நீதிபதி கையொப்பமிட்டு மின்னஞ்சலில் ஆணை அனுப்பும் ஊரும் அந்நாட்டில் உண்டு என்று அந்த 2014 தீர்ப்பே குறித்திருக்கிறது. பெட்டி வருவதற்கே பயணி அதைவிட நெடுநேரம் நிற்கிறான்.