கடவுள் என்ன கடல்கட்டியா?

வயதானவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். "சின்ன வயசுல இருந்து இன்னைக்கு வரைக்கும் கடவுள் என்னைக் கைவிடலை." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குச் சாட்சியாக நாம் அடுக்குகிற கதைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். கிணற்றில் விழுந்தேன், தூக்கிவிட்டார்கள். மஞ்சள்காமாலை வந்தது, பிழைத்தேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலில் போக வேண்டியவன், வயிற்றுவலியால் போகவில்லை. 1992 நவம்பர் புயலில் பக்கத்து வீட்டுக் கூரை பறந்தது, என் வீட்டு ஓடு அசையவில்லை. கடவுளைக் கண்ட இடமெல்லாம் நாம் தப்பித்த இடமாகவே இருக்கிறது.

இது சரியில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் படட்டும். எழுபதைத் தாண்டியவனுக்கு அந்தப் பயம் எதற்கு?

அந்த ரயிலில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள்? அவர்களிலும் கும்பிடப் போனவர்கள் இருந்திருப்பார்களே. பக்கத்து வீட்டுக்காரன் கூரையைப் பறக்கவிட்ட கடவுள் யார்?

2004 சுனாமியில் தூத்துக்குடி பெரிய சேதமில்லாமல் தப்பியது. இலங்கை குறுக்கே கிடக்கிறது, அலையின் நேர்வேகம் நம் பக்கம் வரவில்லை. வரைபடத்தைக் காட்டினால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். நாமோ "பனிமய மாதா காத்துட்டா" என்று பேசினோம். மாதாவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆகஸ்ட் 5 வந்தால் இந்த முழங்காலோடும் கோயிலில் போய் நிற்கிறவன்தான். ஆனால் அதே மாதாவைப் பார்க்க வேளாங்கண்ணிக்குப் போன ஜனத்தை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் அள்ளிக்கொண்டு போனது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். நம்மைக் காத்தவள் அவர்களை ஏன் விட்டாள்? இதற்குப் பதில் தெரியும் என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் உண்டு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். அவர் வராமல் குளிக்கிறவன் தண்ணீரில் இறங்க மாட்டான். 13-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அப்படி மந்திரம் போடுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று சொல்லியிருக்கிறார். நாம் ஞானஸ்நானம் வாங்கி ஐந்நூறு வருஷம் நெருங்குகிறது. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பும் நின்றுபோனது. கடல்கட்டி மட்டும் போகவில்லை. கடவுளையே அந்த வேலைக்கு வைத்துக்கொண்டோம். இருபதில் ஒரு பங்குக்குப் பதில் மெழுகுவர்த்தி.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் திரேஸ்புரத்தில் வந்து பாருங்கள். சங்கு குளிக்கப் போனவன் உயிரோடு திரும்பாத வீடுகள் இங்கே உண்டு. அப்படி ஒரு வீட்டுப் பெண், ஜெபக்கூட்டத்தில் மூன்று பேர் வரிசையாகத் தப்பித்த கதை சொன்ன பிறகு, வெளியே வந்து என்னிடம் கேட்டாள். "அண்ணே, அவுக கடலுக்குப் போன அன்னைக்கும் நான் ஜெபமாலை சொன்னேனே. நான் என்ன கொற வச்சேன்?" உள்ளே கதை சொன்ன மூவரும் நல்லவர்கள்தான். அவளைக் குத்த வேண்டுமென்று யாரும் பேசவில்லை. ஆனாலும் குத்தியது.

சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். லூக்கா 13-ஆம் அதிகாரம். வருஷா வருஷம் வாசிக்கக் கேட்டும் நமக்கு ஏறவில்லை.

அப்படியானால் கடவுள் வாழ்க்கையில் எங்கேயும் இல்லையா? இருக்கிறார் என்றுதான் நானும் சொல்கிறேன். சங்கு, முத்து குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்கு அவனைவிடக் காவல் யார்? மேலே ஒருவன் பிடித்திருக்கிறான் என்ற தைரியத்தில் கீழே எட்டு, பத்துப் பாகம் இறங்குவான். கயிறு இருந்தும் சிலர் பிணமாக வந்தார்கள். அப்போதும் அந்த மச்சான் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடவில்லை. பாயில் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். நான் கடவுளைப் பார்த்தது அந்தப் பாயில்தான். தப்பித்தவன் வீட்டுக் கறிவிருந்தில் பார்த்தது குறைவு.

1542-இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது எல்லா வீட்டுக்கும் அவரால் போக முடியவில்லை. ஜெபம் படித்த சிறுபிள்ளைகளை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். பிழைத்தவன் வீட்டுக்கு மட்டும் போ என்று சொல்லியா அனுப்பியிருப்பார்?

போன வாரம் எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். யாராவது சாட்சி சொல்வதற்கு முன்னால், கடலில் போனவர்களின் பெயரை வாசிக்க வேண்டும். அந்த வீடுகளுக்கு மாதம் ஒருமுறை இரண்டு பேர் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும், புத்திமதி எதுவும் சொல்லாமல். "கூட்டம் துட்டி வீடு மாதிரில்லா ஆயிரும்" என்றார் ஒருவர். ஆகட்டும் என்றேன். அடுத்த கூட்டத்துக்குப் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். விட்டுப்போன பெயர் ஏதும் இருந்தால், நம் தெரு ஆட்கள் அதற்குள் என் வீட்டில் வந்து சொல்லிவிடுங்கள்.